கொரோனா காலத்து மனச்சோர்வும் பதற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அந்த 21 நாள் எப்படி நீண்டது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போது சென்னையில் தொலைபேசி வழியே மக்களிடம் பேசும் தன்னார்வலர் குழு ஒன்றில் இருந்தேன். நான் மருத்துவர் இல்லை. பொறுமையாகக் கேட்கவும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பிவைக்கவும் பயிற்சி பெற்றவள். இரண்டாம் அலை ஓயும்வரை அழைப்புகளை எடுத்தேன். அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றை உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மன அழுத்தம், மனச்சோர்வு, மனப்பதற்றம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதிவிடுவதால் இந்தக் குழப்பம். வாடகை கட்ட வழியில்லாமல் தவிப்பது மன அழுத்தம். வழி பிறந்ததும் அது பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு அப்படிப்பட்டதன்று. குறைந்தது 2 வாரம், ஏறக்குறைய நாள் முழுவதும், மனம் இருண்டு கிடக்கும். அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இருக்காது. கூடவே தூக்கம் கெடும், பசி மாறும், உடல் அசதியாக இருக்கும், கவனம் நிற்காது, தன்னையே குற்றவாளியாக நினைக்கத் தோன்றும், செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரும். இப்படி 9 அறிகுறிகளை வைத்து, அவற்றில் 5 இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். மனப்பதற்றம் என்பது இன்னும் வராத ஒன்றை நினைத்து உடலும் மனமும் ஓயாமல் பதறிக்கொண்டிருப்பது. மனச்சோர்வும் பதற்றமும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே வருவதும் மிகச் சாதாரணம்.

ஆனால் என்னிடம் பேசியவர்களில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். "நெஞ்சு பாரமாக இருக்கிறது", "படபடவென்று வருகிறது", "தலை கனக்கிறது", "எதிலும் பிடிப்பில்லை", "கை கால் எல்லாம் அசந்துபோகிறது" என்றுதான் சொன்னார்கள். நம் மக்களுக்கு மனத்தின் நோவு முதலில் உடம்பில்தான் தெரிகிறது. அதனால் அவர்கள் முதலில் போவதும் பொது மருத்துவரிடம். அவர் இசிஜி எடுத்து, ரத்தம் பார்த்து, "ஒன்றும் இல்லை, சத்து மாத்திரை சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிடுவார். அந்த 'ஒன்றும் இல்லை' என்ற சொல்லோடு பல மாதங்கள் வீணாகப் போய்விடுகின்றன.

நோய்க்குப் பயப்படுவது இயல்புதானே? அதையும் ஏன் நோய் என்று சொல்கிறீர்கள்?

பயம் இயல்புதான். முகக்கவசம் போட்டதும், கைகழுவியதும், கூட்டத்திலிருந்து விலகி நின்றதும் அந்தப் பயத்தால்தான். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியவர்களை இன்று கேலி செய்கிறார்கள். அன்றைக்கு இருந்த அறிவுக்கு அவர்கள் செய்தது தவறே இல்லை.

எந்த இடத்தில் பயம் நோயாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஒருவர், வயது 68, தினமும் மாலையில் அழைப்பார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். தேதி, நேரம், எண் என்று மூன்று கட்டம் போட்டது. முதலில் நாளுக்கு 3 முறை பார்த்தார். பிறகு 10 முறை. ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு 40 முறைக்கு மேல். 97 வந்தால் மனம் அமைதி ஆகும். 10 நிமிடம் கழித்து, "இப்போது இறங்கியிருக்குமோ" என்று மறுபடி மாட்டுவார். விரல் குளிர்ந்திருந்து எண் 94 காட்டினால் அன்றிரவு தூக்கம் போனதுதான். அவருக்குத் தொற்று வரவே இல்லை. ஆனால் சாப்பாடு குறைந்து, மனைவியோடு பேச்சு நின்று, நோட்டே கதி என்று ஆகிவிட்டார். பயம் காப்பதை விட்டுவிட்டு அன்றாட வாழ்க்கையை விழுங்கத் தொடங்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அவரும் போனார். 3 மாதத்தில் தேறினார்.

பெருந்தொற்றால் இவை உண்மையிலேயே கூடினவா, அல்லது பேசுவதுதான் கூடியதா?

உண்மையிலேயே கூடின. உலகம் முழுவதும் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2021 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் தீவிர மனச்சோர்வு ஏறக்குறைய 5.3 கோடிப் பேருக்குக் கூடுதலாகவும், பதற்ற நோய்கள் 7.6 கோடிப் பேருக்குக் கூடுதலாகவும் வந்தன. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இரண்டுமே கால்பங்குக்குச் சற்று அதிகமான உயர்வு. உலக சுகாதார நிறுவனமும் 2022 மார்ச்சில் 25 சதவீத உயர்வு என்றே அறிவித்தது.

நம் நாட்டில் இது வெறுந்தரையில் விழுந்த சுமை இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வளர்ந்தவர்களில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்று தெரிந்தது. அதைவிட முக்கியமானது, மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்பது. ஏற்கெனவே, நோயைப் பொறுத்து, பத்தில் ஏழு முதல் ஒன்பது பேர் சிகிச்சை இல்லாமல் இருந்த நாட்டில்தான் பெருந்தொற்று வந்து இறங்கியது.

ஏன் கூடியது? கிருமியா காரணம், ஊரடங்கா காரணம்?

என்னைக் கேட்டால், முதல் காரணம் கூலி. மற்றவர்கள் தனிமையை முதலில் சொல்வார்கள். எனக்கு வந்த அழைப்புகளில் தனிமையைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். மற்றவர்கள் பேசியது வட்டியையும் வாடகையையும் பற்றி. 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் இந்தியாவில் 12 கோடிப் பேர் வேலை இழந்தார்கள் என்று இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பகுதி சிறு வியாபாரிகளும் அன்றாடக் கூலிகளும்.

வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே என்பவை அவருக்குக் கல்யாண மாதங்கள். ஜூனில் பள்ளிச் சீருடை. அந்த மூன்று மாத வருமானத்தில்தான் மீதி வருடம் ஓடும். வெட்டித் தைத்த 14 ரவிக்கைகள் கடையில் தொங்கின. கல்யாணம் தள்ளிப்போனதால் வாங்க ஆள் வரவில்லை. காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் குளிப்பதை விட்டார். அதற்குப் பிறகு நாடாவையும் விட்டார். "அவருக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம், அம்மா?" என்று கேட்டார். மாத்திரையும் தேவைப்பட்டது. ஆனால் தையல் மெஷினுக்கு வாங்கியிருந்த குழுக்கடனின் வாரத் தவணையைக் கேட்டு வந்துகொண்டிருந்த அழைப்புகள் நின்றபோதுதான் அவர் முதன்முதலாக முழு இரவு தூங்கினார்.

அரசு சும்மா இருக்கவில்லை. அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. சென்னையில் அம்மா உணவகங்கள் இலவசமாகச் சோறு போட்டன. 2021இல் 4,000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது, மளிகைப் பையும் வந்தது. கையில் நேரடியாகப் பணம் தருவது மனச்சோர்வைக் குறைக்கிறது என்று பல ஏழை நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரேஷன் கடை வரிசையில் நின்று அந்தப் பணத்தை வாங்கியவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மனநலத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் யோகா, மூச்சுப்பயிற்சி என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கூலியைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாதபோது எனக்குக் கோபம் வருகிறது.

தொற்று வந்த வீடுகளை நடத்திய விதமும் மனத்தைப் பாதித்ததா?

மிகவும். 2020இல் சென்னையில் ஒரு வீட்டில் தொற்று என்றால் தெருமுனையில் தகரம் அடித்தார்கள். வீட்டுக் கதவில் 'உள்ளே நுழையாதே' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நோய் 14 நாளில் போய்விட்டது. ஸ்டிக்கரின் பசை கதவில் நெடுநாள் இருந்தது. சில வீடுகளில் அதைச் சுரண்டிய தடத்தை இன்றும் பார்க்கலாம். 'தகரம் அடித்த வீடு' என்ற பெயர் அதற்கும் மேலாக நீடித்தது. வீட்டு வாசலில் இப்படி ஒட்டுவதை வழக்கமாக்கக் கூடாது, உரிய அதிகாரி தனியாக உத்தரவிட்டால்தான் ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வீடு மாறிவிட்டன.

டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போய்வந்தவர்களைக் காரணம் காட்டி முஸ்லிம் சமூகத்தையே பழித்தார்கள். பிறகு கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய சுமைத் தொழிலாளர்களைப் பழித்தார்கள். பிறகு சென்னைப் பதிவெண் கொண்ட வண்டியையே பழித்தார்கள். பல ஊர்களில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் 2020 ஏப்ரலில் கும்பல் கூடித் தாக்கியது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்களுக்கு வந்த அழைப்புகளில் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நிறையப் பேர். "நோய் வந்தால் வரட்டும்; செத்தால் எனக்கு இடம் கொடுப்பார்களா?" என்று ஒரு செவிலியர் கேட்டார். இரவுப்பணி முடித்துத் தன் வாடகை வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தவர் அவர்.

எங்கள் வீட்டு இழப்பு மற்ற இழப்புகளைவிட ஏன் இவ்வளவு ஆறாமல் இருக்கிறது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டவர்கள் 2021 மே மாதத்தில் யாரையாவது இழந்தவர்கள். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுதான் இரண்டாம் அலையின் உச்சி. சென்னை அரசு மருத்துவமனைகளின் வாசலில் நோயாளிகளை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ரெம்டெசிவிர் மருந்துக்காக முதலில் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் மக்கள் இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். 'இன்னும் ஒரு நாள் முன்னால் கொண்டுபோயிருந்தால்', 'அந்த ஊசி கிடைத்திருந்தால்' என்ற எண்ணம் அப்போது புகுந்ததுதான், பலருக்கு இன்னும் போகவில்லை. ரெம்டெசிவிர் உயிரைக் காக்கும் என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு 2020லேயே காட்டியிருந்தது. ஊசி வாங்க முடியாமல் போன பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். சிலர் அழுதுவிட்டு, "இதை ஏன் அன்றைக்கே யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, சடங்கு. நம்மிடம் சாவு என்பது ஊர் கூடும் விஷயம். பறை கேட்டவுடன் தெரு வந்துவிடும். பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, வாய்க்கரிசி போட்டு, கடைசியாக முகம் பார்த்து அனுப்புவோம். மறுநாள் பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம். அதுவரை யாராவது ஒருவர் வந்து, "எப்படி ஆனது? என்னதான் சொன்னார் கடைசியாக?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கதையைத் துக்க வீட்டார் நாற்பது, ஐம்பது முறை சொல்லியிருப்பார்கள். சொல்லச் சொல்ல, நடந்தது நடந்துவிட்டது என்று மனம் மெல்ல ஏற்றுக்கொள்ளும். கொரோனா சாவில் இவை எதுவுமே நடக்கவில்லை. மூட்டையாகக் கட்டிய உடல். முழு உடைக்குள் முகம் தெரியாத நான்கு பேர். 20 அடி தள்ளி நின்ற மகன். துக்கம் கேட்க ஆள் வரவில்லை. ஒரு முறைகூடச் சொல்லப்படாத கதை உள்ளேயே தங்கிவிட்டது.

இவ்வளவு கடுமை தேவையும் இல்லை. 2020 மார்ச்சிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பையைத் திறந்து முகத்தைக் காட்டலாம், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம், புனித நீர் தெளிக்கலாம், சாம்பலால் ஆபத்து இல்லை என்று எழுதியிருந்தது. காகிதத்தில் இருந்த அந்தக் கருணை பல மயானங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்கிறார்கள்?

முன்சொன்ன லான்செட் ஆய்வில் பெண்களுக்கும் இளையவர்களுக்கும்தான் உயர்வு கூடுதல். காரணத்தை எந்த வீட்டுச் சமையலறையிலும் பார்க்கலாம். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள் என்றால் அவளுக்கு ஐந்து வேளை அடுப்பு. பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, மாமியாருக்கு நேரத்துக்கு மாத்திரை, கணவருக்கு வேலை போன எரிச்சல். அந்த எரிச்சல் கையோங்கலாக மாறிய வீடுகளும் உண்டு. தாய் வீட்டுக்குப் போகப் பஸ்ஸும் இல்லை. சில பெண்கள் மாடியில் துணி காயப்போடும் பத்து நிமிடத்தில்தான் எங்களோடு பேசினார்கள். பேச்சின் நடுவே, "சரி அக்கா, அப்புறம் பால் கணக்கைப் பார்க்கலாம்" என்பார்கள். யாரோ பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு வருமா?

வரும். பிள்ளைகளிடம் அது சோகமாகத் தெரியாது. எரிந்து விழுவார்கள், வயிற்றுவலி என்பார்கள், விளையாடப் போகமாட்டார்கள். நம் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2021 ஜனவரியில் சில வாரங்கள் போனார்கள். 1 முதல் 8 வரை படித்தவர்கள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி பள்ளிக்குள் கால் வைத்தார்கள். ஏறக்குறைய 20 மாதம். 6ஆம் வகுப்பில் விட்டுப்போன பிள்ளை 8இல் வந்து உட்கார்ந்தது. பெரியவர்களுக்கு 20 மாதம் என்பது ஒரு கெட்ட காலம். 11 வயதுப் பிள்ளைக்கு அது அறிந்த வாழ்க்கையில் ஒரு பெரிய பங்கு. ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை, அப்பா மூவரும் பகிர்ந்த வீடுகளில் வகுப்பைத் தவறவிட்டது பெரும்பாலும் தங்கைதான்.

மதுக்கடை மூடியது நல்லதுதானே?

குடும்பங்களுக்குச் சில வாரம் நிம்மதி கிடைத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது தெரிவது, பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகும். டாஸ்மாக் கடைகள் மூடியிருந்த ஆறு வாரத்தில் பலர் இப்படித் தவித்தார்கள். போதைக்காக வேறு எதையோ குடித்து இறந்தவர்களும் உண்டு. கடையை மூடுவதோடு, குடிநோயைச் சிகிச்சை தேவைப்படும் நோயாகக் கருதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தையும் ஆளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். 2020 மே 7 அன்று கடை திறந்தபோது நின்ற வரிசையைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரிசையில் நோயாளிகளும் நின்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கொரோனா வந்து குணமான பிறகு மனம் சரியில்லாமல் போனது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. அமெரிக்காவில் தொற்று வந்த 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 6 மாதத்துக்குள் மூவரில் ஒருவருக்கு நரம்பியல் அல்லது மனநலக் கோளாறு ஒன்று பதிவாகியிருந்தது. பதற்ற நோய் மட்டும் 17 சதவீதம். அதில் பழைய நோய் திரும்பியவர்களும் அடக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மறதி, கவனக்குறைவு, சிறு வேலைக்கே களைப்பு ஆகியவை மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவையும் சோர்வைத் தரும்.

தற்கொலைகள் கூடினவா?

இதில் அவசரப்பட்டுப் பேசக்கூடாது. 21 நாடுகளின் கணக்கை வைத்து 2021இல் வந்த ஓர் ஆய்வு, பெருந்தொற்றின் முதல் மாதங்களில் தற்கொலை கூடவில்லை என்றே சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை வசதியான நாடுகள். ஜப்பானில் 2020இன் பிற்பாதியில் பெண்களிடையே கூடியது.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது: 2019இல் 1,39,123 பேர், 2020இல் 1,53,052 பேர், 2021இல் 1,64,033 பேர். தமிழ்நாட்டில் 13,493 ஆக இருந்தது 16,883 ஆகி, 2021இல் 18,925 ஆனது. 2020இல் நாடு முழுவதும் இப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தினக்கூலி. எல்லாவற்றையும் பெருந்தொற்றின் தலையில் போட முடியாது. ஒரு சாவுக்குப் பின்னால் ஒரே காரணம் இருப்பது அரிது. ஆனால் அந்த நான்கில் ஒருவரைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தையல்காரரின் அளவு நாடா நினைவுக்கு வருகிறது.

உங்கள் வீட்டில் யாராவது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலானோர் கேட்டவுடன் அழுவார்கள், பிறகு பேசுவார்கள். தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

மாத்திரை சாப்பிட்டால் வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டுமா? அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் வேறு வேறு. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கித் தின்னும் தூக்க மாத்திரைகளுக்குத்தான் அடிமையாகும் அபாயம் அதிகம். ஊரடங்கில் அந்தப் பழக்கம் பிடித்தவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி வரலாம். நம்மவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். முதல் முறை வந்த பலருக்கு அதற்குப் பிறகு நிறுத்த முடிகிறது. இலேசான நிலையில் மாத்திரை இல்லாமல் பேச்சுச் சிகிச்சையே போதும். கோயிலுக்குப் போவது, ஜெபம், தொழுகை, நடைப்பயிற்சி எல்லாம் நல்லவை. அவற்றை மாத்திரைக்குப் பதிலாக வைக்காமல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். 1794இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவுக்கு, சேர்வதற்காக இல்லாமல் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கிப்போகவே தினமும் பலர் வருகிறார்கள்.

2021இல் அப்பா இறந்தார். அம்மா இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். முதலில், அம்மா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, தன்னையே பழித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகும் இழப்பு தினமும் வாழ்க்கையை முடக்கினால் அதற்கெனத் தனிச் சிகிச்சை இருக்கிறது. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கூடவே, விட்டுப்போன துக்கத்தைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், திருவள்ளூர் பக்கம். ஆம்புலன்ஸில் ஏறிப் போன கணவரை அந்த அம்மா பிறகு பார்க்கவே இல்லை. அவர் போர்த்தியிருந்த போர்வையைத் துவைக்காமல் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். மூன்றாம் ஆண்டுத் திதிக்குப் பிள்ளைகள் அன்று வரமுடியாமல் போன உறவுகளை எல்லாம் அழைத்தார்கள். அவருடைய தங்கை உள்ளே வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியைக் கட்டிக்கொண்டு, "எப்படி அண்ணி ஆனது?" என்று கேட்டார். அந்த அம்மா ஆக்சிஜன் அளவிலிருந்து தொடங்கினார். 108 வந்த நேரம், ஓட்டுநர் சொன்னது, அவர் கடைசியாகக் கேட்ட சுடுதண்ணீர், அதைக் கொடுப்பதற்குள் வண்டிக் கதவு மூடியது என்று எல்லாம் சொன்னார். சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். வந்திருந்தவர்கள் யாரும் குறுக்கே பேசவில்லை. சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்துத் தங்கையிடம் காட்டினார்.